கசிவின் கணக்கு

அந்த ஒன்றரை மாதமும் காலையில் எழுந்தவுடன் நான் முதலில் பார்த்தது வண்டியின் ரிசர்வ் டேங்கைத்தான். பல்கூட விளக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை அடித்து, வெள்ளை பிளாஸ்டிக்குக்குள் பச்சைத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஆனால் வண்டிக்குக் கீழே விரித்து வைத்த பேப்பரில் ஒரு சொட்டுகூட இருக்காது. "சாமிக்குக்கூட இப்படி தெனம் போய் உக்காந்ததில்ல" என்பார் அம்மா.

வண்டி யமஹா ஆர் 15, 2008இல் வந்த முதல் மாடல். எனக்கு அது மூன்றாவது கையாக வந்து சேர்ந்தது. வேலை ஒரகடத்தில், ஷிப்ட். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போய் வர வேண்டும். கம்பெனி பஸ் உண்டுதான். ஆனால் 24 வயதில் ஒரு ஆர் 15ஐ வீட்டில் நிறுத்திவிட்டு பஸ் ஏற மனசு வராது.

போன சித்திரையில் வாலாஜாபாத் தாண்டியதும் வண்டி சூடாகிவிட்டது. எச்சரிக்கை வந்தும், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். முதல் தப்பு அது. அப்புறம் இழுவை குறைந்தது, பின்னால் நீலப் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால் ரேடியேட்டருக்குள் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கூலண்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார். உப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, கெட்டிலுக்குள் படிவது மாதிரி குழாய்க்குள் படிந்து பாதையை அடைத்துவிட்டது. சிலிண்டரில் கீறல். ஹெட் லேசாக வளைந்திருந்தது.

பழைய வண்டிகளில் கீறல் விழுந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடுவார்கள். இந்த வண்டியில் இரும்பு ஸ்லீவே கிடையாது. சிலிக்கன் கலந்த அலுமினியத்தில் வார்த்த சிலிண்டர். மாற்றத்தான் வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது. மெக்கானிக் கூலியாவது மிச்சம் ஆகட்டும் என்று நானே இன்ஜினைக் கட்ட முடிவு செய்தேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஸ்பிளெண்டரை அரைத்தூக்கத்தில் பிரித்து மாட்டுவார்கள், புல்லட்டைச் சத்தம் கேட்டே சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் கை பழகியதெல்லாம் காற்றில் குளிரும் இன்ஜின். சிலிண்டரைச் சுற்றி தகடு தகடாக இருக்கும், காற்று பட்டுச் சூடு போகும், அவ்வளவுதான். 1950களிலிருந்து திருவொற்றியூரில் புல்லட் செய்துவந்த ராயல் என்ஃபீல்டே, தண்ணீரில் குளிரும் தன் முதல் இன்ஜினை 2023இல் வந்த ஹிமாலயன் 450இல்தான் வைத்தது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் நாள் பூராவும் வண்டி செய்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் உள்ளே வந்தால், ரேடியேட்டர் வைத்த வண்டியைப் பார்த்ததும் "காஞ்சிபுரம் எடுத்துனு போயிடு தம்பி" என்கிறார்கள். சொல்வது நியாயம்தான். இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லவில்லை.

வளைந்த ஹெட்டை மட்டும் உள்ளூர் லேத்துப் பட்டறையில் கொடுத்தேன். அந்த அண்ணன் முப்பது வருஷமாக டிராக்டர் ஷாஃப்டும் ரோட்டவேட்டர் பாகமும் கடைகிறவர். ஹெட்டைத் தட்டையாகக் கடைந்து கொடுத்தார். கூலி 600 ரூபாய். சர்வீஸ் மேனுவலை செல்போனில் வைத்துக்கொண்டு, நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினைக் கட்டினேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தை எழுதினால் நம்பமாட்டீர்கள். மூன்றாம் நாள் டேங்கில் மட்டம் இறங்கியிருந்தது.

கூலண்ட் கசிவைத் தேடுவது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் எங்கே தவறினேன் என்பது அதற்குள்தான் இருக்கிறது.

இன்ஜின் சூடாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் விரியும். ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை. ஸ்பிரிங் வைத்த வால்வு. சுமார் 1.1 கிலோ அழுத்தம் வரை பிடித்து வைக்கும். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120ஐத் தாண்டித்தான் கொதிக்கும். பிரஷர் குக்கர் கதைதான். அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் மீறினால் மிச்சம் ரிசர்வ் டேங்குக்குப் போகும். இன்ஜின் ஆறினால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டம் மாறவே கூடாது. மாறினால் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

போவதற்கு வழிகள் எண்ணி எடுக்கக்கூடியவைதான். ஹோஸ், அதைப் பிடிக்கும் கிளிப். பைப் இணைப்புகளில் இருக்கும் ஓ ரிங். வாட்டர் பம்ப், அதன் சீல். டிரெயின் போல்ட்டின் வாஷர். ரேடியேட்டர், அதன் மூடி. கடைசியாக ஹெட் கேஸ்கெட். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. ஓடும்போது கசிந்தால் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும். அதற்கு ஒரு சுலபமான வழி: இன்ஜினைத் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி ஓட்ட வேண்டும். கசிந்தால் பவுடரில் கோடு விழும். அம்மாவின் டப்பா பாதி காலியானது. ஹோஸில் கோடு இல்லை. பம்பில் சீல் போனால் தண்ணீர் வெளியே வருவதற்கென்றே கீழே ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அது காய்ந்திருந்தது. ரேடியேட்டரைக் கழற்றி பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், டியூப் முக்கும் தொட்டியில் அமுக்கி, சைக்கிள் பம்பால் அளவாகக் காற்று அடித்தோம். கம்ப்ரஸரை வைத்தால் ரேடியேட்டர் கிழிந்துவிடும். ஒரு குமிழிகூட வரவில்லை. மூடியைப் புதிதாக வாங்கிப் போட்டேன். மட்டம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

கடைசியில், இன்ஜின் முழுக்க ஆறியிருந்த ஒரு காலை, மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்தேன். கழுத்தில் சின்னச் சின்னக் குமிழிகள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. சிலிண்டருக்குள் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று அர்த்தம். அது தண்ணீரை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளி, அங்கிருந்து ஓவர்ஃப்ளோ பைப் வழியாக ரோட்டில் விட்டுக்கொண்டிருக்கிறது. ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில், ஃபிரேமுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், விரலை விட்டுத் தடவினேன். செங்கல் சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி வெளிர்பச்சையாகப் பூத்திருந்தது.

நோட்டில் மிஞ்சியது ஹெட் கேஸ்கெட் மட்டும். கேஸ்கெட் புதுசு. மேனுவலில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து நானே டைட் செய்தேன். அப்படியானால் மிச்சம் யார்? ஹெட்டைக் கடைந்தவர்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. டிராக்டர்காரர் ஒருவர், போர் வண்டிப் பையன்கள் இரண்டு பேர், டீ கொண்டுவந்த பையன்.

"அண்ணே, நீங்க பண்ண ஃபேசிங் சரியில்ல. ஹெட் லீக் அடிக்குது."

"கழட்டி எடுத்துனு வா தம்பி. மட்டம் வச்சிப் பாத்துடலாம்."

"நீங்க ஒழுங்கா பண்ணியிருந்தா நான் எதுக்கு மறுபடி கழட்டணும்? ஒரு மாசமா அலையறேன். இந்த வண்டி ஹெட்டு தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார். கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். டிராயரைத் திறந்து 600 ரூபாய் எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டிராக்டர்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பணத்தை எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தில், சுற்றுவட்டாரத்தில் எந்த இன்ஜின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விவசாயத்துக்கு இலவச கரண்ட் வந்து மோட்டார்கள் பெருகியதும் அந்த வேலை போனது. அதற்கப்புறம் அவர் கையில் ஸ்பானரைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு என் வண்டியைப் பற்றி ஏதாவது தெரியும் என்று நான் நினைத்ததும் இல்லை.

"இன்னாடா, இன்னும் முடியலையா? ஊத்தறது கலங்கலா, தெளிவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏரியா பெரியப்பா இது?"

"ஏரிதான். சொல்லு."

மழைக்காலத்தில் ஏரி ரொம்பினால் கரையில் எங்காவது தண்ணீர் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளே இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போது மூட்டை தூக்க ஓட வேண்டும். சின்ன வயதில் அவர் அப்படி ஓடியிருக்கிறார். இன்ஜினுக்கும் அதே கேள்விதான் என்றார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஆயில் சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். "நல்ல வேளை. கலங்கல. பொறுமையா கழட்டு."

அவருடைய ஆயில் இன்ஜினும் தண்ணீரில் குளிர்ந்த இன்ஜின்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பம்ப் இறைக்கிற தண்ணீரில் கொஞ்சத்தைச் சின்னக் குழாயில் திருப்பி சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே விடுவார்கள். மார்கழியில் அந்தச் சூட்டுத் தண்ணீரில் அவர் குளித்த கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என் ஆர் 15ஐயும் அதையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

ஹெட்டைக் கழற்றினேன். கம்பெனியில் நண்பனிடம் இரவல் வாங்கி வந்த ஸ்ட்ரெயிட் எட்ஜை ஹெட்டின் முகத்தில் நேராகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடு எந்த இடத்திலும் நுழையவில்லை. சிலிண்டர் முகத்திலும் அப்படியே. லேத்து அண்ணன் கண்ணாடி மாதிரி கடைந்திருந்தார்.

நான் ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா கழற்றிய கேஸ்கெட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹெட் அழுத்திய அச்சு அதில் விழுந்திருக்கும். மூன்று மூலையில் ஆழமாக இருந்தது. நாலாவது மூலையில், உப்புப் பூத்திருந்த அதே பக்கம், மங்கலாக.

"இந்த மூலையில அமுங்கவே இல்ல பாரு."

"டார்க் ரெஞ்ச் வச்சித்தான் பெரியப்பா டைட் பண்ணேன். நாலுலயும் டிக்குனு சத்தம் வந்துச்சு."

"போல்ட்டு எதுல முட்டி நின்னுச்சின்னு அது சொல்லுமா?"

அம்மாவிடம் விளக்குத் திரி கேட்டு வாங்கினார். இறுக்கி முறுக்கி, போல்ட் இறங்கும் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விட்டார். மூன்றில் நுனி மட்டும் நனைந்து வந்தது. முகர்ந்து பார்த்தால் இனிப்பு வாசம். ஹெட்டைத் தூக்கும்போது சிந்திய கூலண்ட். நாலாவதில் பாதித் திரி ஊறி வந்தது. அதை என் மூக்குக்கு நேராக நீட்டினார். டீசல்.

எனக்கு அந்தக் காலை அப்படியே ஞாபகம் வந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூக்கக் கலக்கத்தோடு இன்ஜின் அடிப்பாகத்தை டீசல் விட்டுக் கழுவினேன். வீட்டில் கம்ப்ரஸர் இல்லை. வாயால் ஊதினேன். மேலாகத் துணியால் துடைத்தேன். அடி மூடிய ஓட்டைக்குள் தேங்கிய டீசலை நான் பார்க்கவில்லை. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. போல்ட் இறங்கி இறங்கி அந்த டீசலில் போய் முட்டி நின்றிருக்கிறது. டார்க் ரெஞ்ச் அளப்பது திருப்பும்போது வரும் எதிர்ப்பை மட்டும்தான். ஹெட்டை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. டீசல் தடுத்ததை, ஹெட் இறுகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு டிக் என்றிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருப்பியிருந்தால் அந்த அழுத்தத்தில் கேஸே விரிசல் விட்டிருக்கும்.

நாலு ஓட்டையையும் திரியால் ஒற்றி, பஞ்சர் கடையில் காற்று அடித்துக் காயவைத்தோம். ஒரு ஈர்க்குச்சியை விட்டு நாலிலும் ஆழம் ஒன்றுதானா என்று பார்த்தார் பெரியப்பா. அழுத்தம் பட்ட கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது. புதிது வாங்கினேன். போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிர் எதிர் மூலையாக, மூன்று சுற்றில் இறுக்கினேன். டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலண்டை ஊற்றி, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். ஸ்டார்ட் செய்து கழுத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் குமிழி வந்தது, நின்றது. அப்புறம் தண்ணீர் அசையாமல் ஓடியது. பத்து நாள் கழித்தும் மட்டம் அதே கோட்டில் நின்றது.

600 ரூபாய் மட்டும் என் பர்ஸிலேயே இருந்தது.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. ஷிப்ட் மாறியது, மழை வந்தது, பட்டறை பூட்டியிருந்தது. ஒரு மத்தியானம் போனபோது சாப்பாட்டுக்குப் போயிருந்தார். உண்மையில் அவர் தனியாக இருப்பார் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். வெயில் தாங்காமல் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சுவர் புதிதில்லை. ஸ்கூலில் வருஷா வருஷம் வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். 30 குடும்புகள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். அந்த ஆறு பேருக்கும் வேலை, ஊர்ப் பெரிய ஏரியான வைரமேக தடாகத்தைக் கவனிப்பது. இதைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள், அந்தச் சபையில் நிலமும் வேதப்படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் இடம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பெரியப்பாவின் முன்னோர் கரைக்கு மண் சுமந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எழுதிய ஓலை எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

ஆனாலும் ஸ்கூலில் மனப்பாடம் செய்த இரண்டு விஷயங்கள் அன்றைக்கு வேறு மாதிரி கேட்டன. ஒன்று, வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் உறவுக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது. இரண்டாவது, ஓலை எடுக்கிற முறை. சபை முழுக்கக் கூடியிருக்கும்போது, விவரம் தெரியாத சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். மடக்கிய கைக்குள் ஓலை மாறிவிடலாம் என்று 1100 வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் நோட்டில் எழுதிய வரிசையை நினைத்துப் பார்த்தேன். ஹோஸ், பம்ப், ரேடியேட்டர், மூடி, லேத்து அண்ணன். இன்ஜினைக் கட்டியவன் பெயர் அதில் எங்குமே இல்லை. ஒவ்வொன்றையும் பவுடர் போட்டு, தண்ணீரில் அமுக்கி சோதித்தவன், என் கையை மட்டும் சோதிக்காமலே சரி என்று வைத்துக்கொண்டேன். அந்த அண்ணன் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: கழற்றிக் கொண்டுவா, மட்டம் வைத்துப் பார்க்கலாம். அவர் கணக்குக் காட்டத் தயாராக இருந்தார். நான்தான் பார்க்க மறுத்தேன்.

நாலு பேர் முன்னால் சொன்னதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்த் திருப்பி வாங்க முடியாது என்பதும் அங்கேதான் தோன்றியது. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில், பட்டறையில் கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். அன்றைக்கு இருந்த டிராக்டர்காரர் இல்லை. வேறு ஆட்கள் இருந்தார்கள். டீ பையன் மட்டும் அதே பையன். 600 ரூபாயையும் டீசல் ஊறிய திரியையும் மேஜையில் வைத்தேன்.

"அண்ணே, உங்க ஃபேசிங் சரியாதான் இருந்துச்சி. தப்பு நான் பண்ணது. போல்ட் ஓட்டையில டீசல் இருந்ததைப் பாக்காம டைட் பண்ணிட்டேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது தப்புண்ணே."

சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. அவர் லேத்தை நிறுத்தவில்லை. கடைந்துகொண்டிருந்த ஷாஃப்டை முடித்து, கேஜ் வைத்து அளந்து, அப்புறம்தான் திரும்பினார். பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. பணத்தை எண்ணி டிராயரில் போட்டார். திரியை எடுத்து முகர்ந்தார்.

"எந்த ஓட்டை?"

தரையில் இருந்த இரும்புத் தூளில் ஹெட்டை வரைந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரு சொல்லிக் குடுத்தா?"

பெரியப்பாவைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆயில் இன்ஜின்காரரா? இருக்காரா இன்னும்? ஒருநாள் கூட்டினு வா" என்றார். அப்புறம் டீ பையனைப் பார்த்து, "இன்னொண்ணு வாங்கினு வாடா" என்று சொல்லிவிட்டு லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது எனக்கான டீதானா என்று தெரியாமல், அது வரும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.